மொட்டை மாடியில் ஊசி மிளகாய்

இன்று காலை மொட்டை மாடியில் மிளகாய் பறித்துவிட்டு, அந்தக் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டேன். எரிச்சல் தாங்கவில்லை. நீங்கள் இருந்திருந்தால், "அறிவு இருக்கா புள்ள ஒனக்கு?" என்று திட்டிக்கொண்டே தண்ணீர் மொண்டு வந்திருப்பீர்கள். நானே தட்டுத் தடுமாறிக் குழாயடிக்குப் போனேன். நம் மகன் அதைப் பார்த்துவிட்டான். என்னைச் சென்னைக்குக் கூட்டிப்போகத்தான் வந்திருக்கிறான். வீட்டை வாடகைக்கு விட ஆளும் பார்த்துவிட்டானாம்.

குவைத் வேலையை முடித்துக்கொண்டு வந்த புதிதில் உங்களுக்குச் சும்மா உட்காரத் தெரியவில்லை. காலியான பெயிண்ட் வாளிகளில் மண்ணை நிரப்பி ஊசி மிளகாய் நட்டீர்கள். அறந்தாங்கிச் சந்தையில் கிடைக்காத மிளகாயா என்று தெருவே சிரித்தது. செடி தளதளவென்று வந்தது, பூத்தது, பூவெல்லாம் கொட்டியது. கடை மருந்தாக வாங்கி அடித்தீர்கள், நிற்கவில்லை. நீங்கள் கடைத்தெருவுக்குப் போன ஒரு சாயங்காலம், புளித்த மோரில் பெருங்காயத்தைக் கரைத்துத் தெளித்துவிட்டு வந்தேன். அப்புறம் பிடித்தது பாருங்கள் காய், அத்தனையும் வானத்தைப் பார்த்துக்கொண்டு! தெரு முழுக்க உங்கள் மருந்தின் பெருமையைத்தான் அளந்தீர்கள். மாடியெல்லாம் மோர் வாடை அடித்ததுகூட உங்கள் மூக்குக்கு எட்டவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.

மிளகாயைக் கையில் கொடுத்தால் சண்டை வரும் என்று நம் ஊர்ப்பக்கம் கீழே வைத்துத்தான் கொடுப்பார்கள். நீங்கள் மட்டும் என் கையைப் பிடித்து உள்ளங்கையில் வைப்பீர்கள்.

"கீழ வைங்க, சண்டை வந்துரும்" என்பேன்.

"வரட்டுமே. அங்கிட்டு இருந்தப்ப சண்டை போடக்கூட ஆளில்லாமக் கெடந்தேன் புள்ள."

அதற்குமேல் எனக்குத் திட்ட வாய் வராது. உங்கள்மேல் அவ்வளவு ஆசையாக இருக்கும்.

மகன் இன்று விடுவதாக இல்லை. "ஒத்தையில எப்படிம்மா இருப்ப? மிளகாய் பட்டதுக்கே இந்தப் பாடு. காலையில கெளம்புறோம்."

"நான் வரலப்பா. செடியெல்லாம் பூவும் பிஞ்சுமா நிக்குது."

"மிளகாய்க்காகவா வரமாட்டேங்கிற?"

"மிளகாய்க்காக மட்டும் இல்ல. இது என் வீடு."

"அப்பா இல்லையேம்மா" என்றான்.

"ஒன்னைய வளக்குறப்ப மட்டும் அப்பா இங்கிட்டா இருந்தாரு?" என்றேன்.

அவனே வாடகைக்குக் கேட்டவருக்குப் போன் போட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டான். நாளை அவன் மட்டும் பஸ் ஏறுகிறான்.

அவனிடம் சொன்னது வாய்ப்பேச்சு இல்லை. நீங்கள் இல்லாமல் வீட்டை நடத்துவது எனக்குப் பழக்கம்தான். அப்போது, லீவு கிடைத்தால் வருவீர்கள் என்று இருந்தேன். இப்போது அப்படி இருக்க முடியாது, அது ஒன்றுதான் கஷ்டமாக இருக்கிறது. மற்றதையெல்லாம் நான் பார்த்துக்கொள்வேன்.