விருப்ப நாடு: திருவண்ணாமலை

திருவண்ணாமலை,
11-11-1973

அன்புள்ள கௌஸ் பாஷாவுக்கு,

பாத்திரக்கடை தன்யகுமார் எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். முகாமில் கிடக்கிறவனைப் பார்த்து நீ சௌக்கியமா என்று கேட்க வாய் கூசுகிறது. ஆனாலும் கடிதம் என்றால் கேட்டுத்தானே ஆக வேண்டும். கேட்டுவிட்டேன்.

உன் கடிதம் டாக்காவிலிருந்து ஆடி அசைந்து போன வாரம் வந்தது. கடையில் உட்கார்ந்தே படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தேன். எதிரே பித்தளைக் குடம் பேரம் பேசிக்கொண்டிருந்த கீழ்பென்னாத்தூர் அம்மாள், தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறேன் என்று நினைத்துக் குடத்தை ‘ணங்’கென்று வைத்துவிட்டுப் போய்விட்டாள். அவள் தெருமுனை திரும்புகிற வரைக்கும் சிரித்தேன். அதற்குப் பிறகுதான் கடிதத்தை மறுபடி முதலிலிருந்து படித்தேன்.

அடப்பாவி, என்ன காரியம் செய்துவிட்டு வந்திருக்கிறாய்! முகாமில் மேசை போட்டு உட்கார்ந்து, “எந்த நாட்டுக்குப் போக விருப்பம்?” என்று கேட்கிறார்கள். ஒன்று பாகிஸ்தான் என்று சொல்ல வேண்டும், இல்லை பங்களாதேஷ் என்று சொல்ல வேண்டும். உனக்கு முன்னால் நின்றவன் அப்படித்தான் சொல்லியிருப்பான், பின்னால் நின்றவனும் அப்படித்தான் சொல்லியிருப்பான். நீ மட்டும் திருவண்ணாமலை என்று சொல்லியிருக்கிறாய். எழுதிக்கொண்டவர் அது பாகிஸ்தானில் எந்தப் பக்கம் என்று கேட்க, விழுப்புரம் காட்பாடி லைனில் இருக்கிறது என்று விளக்கம் வேறு கொடுத்திருக்கிறாய். அவர் உன் பெயர்மேல் கோடு போட்டுவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

நம் ஊர்க்காரனைத் தவிர உலகத்தில் வேறு எவனும் இந்தத் தப்பைச் செய்யமாட்டான். மெட்ராஸ் எழும்பூரில் நிறுத்தி எங்கே போகிறாய் என்று கேட்டால், கையில் மதுரை டிக்கெட் இருந்தாலும் நம் ஆள் திருவண்ணாமலை என்றுதான் சொல்லுவான். எழும்பூரில் சொன்னால் ரயில்தான் தப்பும். நீ சொன்ன இடத்தில் பாகிஸ்தானுக்கு ஆள் ஏற்றுகிற விமானம் தப்பிவிட்டது.

உன் தங்கை ஜுலேகாபீயிடம் போய்ச் சொன்னேன். கண்ணைத் துடைத்துக்கொண்டே, “அண்ணன் சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான் நயினாரே. கேட்ட கேள்விக்கு பதில் சொல்லாது. மனசுல இருக்கறதத்தான் சொல்லும்” என்றாள்.

சரி, இவன் மனசில் இருப்பது நடக்கிற காரியமா என்று பார்த்துவிடுவோம் என்று வேலூர் கலெக்டர் ஆபீசுக்குப் போனேன். அங்கே ஒரு அதிகாரியிடம் உன் கதையை முதலிலிருந்து சொன்னேன். நாற்பத்தெட்டில் தோல் கம்பெனி வேலைக்கு டாக்காவுக்குப் போனான், அப்போது அது பாகிஸ்தான். அங்கேயே கல்யாணம், அங்கேயே பாஸ்போர்ட். பெண்சாதி காலமாகிவிட்டாள். ஒரே மகன் அன்வர் எழுபதில் கராச்சிக்குப் பாங்கு வேலைக்குப் போனான், அதுவும் அதே பாகிஸ்தான். அடுத்த வருஷம் யுத்தம் வந்து ஒன்று இரண்டாயிற்று. அப்பன் ஒரு நாட்டில், மகன் ஒரு நாட்டில். வீட்டில் உருது பேசுகிறவன், பாகிஸ்தான் ஆள் என்று அப்பனை வீட்டைவிட்டுக் கிளப்பி முகாமில் போட்டிருக்கிறார்கள். இவ்வளவும் சொன்னேன்.

அதிகாரி நல்ல மனுஷர். காபி வரவழைத்துக் கொடுத்தார். பிறகு, “அவரு நம்மள விட்டுட்டுப் போனவரு. அவரு போன பாகிஸ்தான் இப்போ அங்கே இல்லை. அங்கே இருக்கறவங்க எங்க ஆளு இல்லைன்றாங்க. பாகிஸ்தான்காரங்க மனசு வெச்சாத்தான் உண்டு. நாம சொல்றதுக்கு ஒண்ணுமில்லைங்க” என்று கையை விரித்துவிட்டார். டீக்கடை பெஞ்சை இரண்டாக ஒடித்த உடம்பு உன்னுடையது. மூன்று சர்க்கார் சேர்ந்து அப்படி ஓர் ஆளே இல்லை என்கின்றன.

இத்துடன் அன்வரின் கடிதம் இருக்கிறது. கராச்சிக்கும் டாக்காவுக்கும் தபால் கிடையாது, கராச்சிக்கும் நமக்கும் தபால் கிடையாது. அதனால் கொழும்பில் என் மைத்துனன் சீவகன் கையில் ஓர் உறை மாற்றி, இங்கே என் கையில் இன்னோர் உறை மாற்றி உன்னிடம் வருகிறது. ஒரு துலுக்க அப்பனும் மகனும் பேசிக்கொள்ள இரண்டு சமண நயினார்கள் வேலை பார்க்க வேண்டியிருக்கிறது. அன்வர் அங்கே மனுப் போட்டுவிட்டான். நீ இந்தப் பக்கத்திலிருந்து வருகிறேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்கிறான். மருமகளுக்கு ஏழாவது மாசம். மறுபடி மேசை போட்டால் ஒழுங்காகப் பதில் சொல்.

இப்படிக்கு,
உன் ஒரே புத்திசாலி நண்பன்,
தன்யகுமார்

~

திருவண்ணாமலை,
3-3-1974

அன்புள்ள பாஷாவுக்கு,

நலம். உன் நலம் உன் கடிதத்திலேயே தெரிந்தது. முகாமில் அரிசி கம்மி, இருமல் ஜாஸ்தி என்று எழுதியிருக்கிறாய். உன் ஆற்காட்டு உருதுவைக் கேட்டுப் பக்கத்துக் கொட்டகைக்காரர்கள் சிரிக்கிறார்கள் என்றும் எழுதியிருக்கிறாய். உருது பேசுகிறான் என்று வெளியே தள்ளினார்கள், இது உருதே இல்லை என்று உள்ளே சிரிக்கிறார்கள். உன் வாய்க்கு அப்படி ஒரு ராசி.

முதலில் நல்ல செய்தி. உனக்குப் பேத்தி பிறந்திருக்கிறாள். உன் பெண்சாதி பெயரையே வைத்திருக்கிறான் அன்வர். ஜுலேகாபீ தெருவுக்கெல்லாம் சர்க்கரை கொடுத்தாள். எனக்குத்தான் ஒரு பிடி ஜாஸ்தி.

பேப்பர் பார்த்திருப்பாய். லாகூர் மாநாட்டில் பாகிஸ்தான் பங்களாதேஷை அங்கீகரித்துவிட்டது. தலைவர்கள் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிற படம் போட்டிருந்தார்கள். கத்தரித்து எடுத்துக்கொண்டு போய் உன் தங்கையிடம் காட்டினேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, “இதுல அண்ணனுக்கு என்னா நயினாரே?” என்று கேட்டாள். நாலு பேரிடம் அரசியல் பேசி வயிறு வளர்க்கிறவன் நான். படத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

அங்கீகாரம் என்றால் என்னவென்று எனக்குத் தெரியாதா? அண்ணன் சாந்திநாதனும் நானும் கடையை நடுவில் பலகை வைத்துத் தடுத்தோமே, அன்றிலிருந்து பக்கத்துக் கடையில் விலை கம்மி என்று யாராவது சொன்னால், பக்கத்தில் கடையா, எங்கே என்று கேட்கிறவன் நான். அவரும் அப்படித்தான். பெரிய தராசு மட்டும் பொது. அது வேண்டுமென்றால் பாத்திரம் விளக்க வருகிற பொன்னிதான் எங்களுக்குத் தூதர். பிரிந்ததில் அண்ணனுக்கும் நஷ்டமில்லை, எனக்கும் நஷ்டமில்லை. இரண்டு கடையிலும் வேலை பார்க்கிற பொன்னிக்குத்தான் இந்தப் பக்கம் வந்தால் அந்தப் பக்கத்து ஆள் என்று பேச்சு, அந்தப் பக்கம் போனால் இந்தப் பக்கத்து ஆள் என்று பேச்சு. அவள் நேற்று என்னிடம், “நீங்க ரெண்டு பேரும் சண்டை போட்டுக்கோங்க, சாமி. நான் எந்தப் பக்கம் சோறு துண்றதுன்னு மட்டும் சொல்லிடுங்க” என்றாள். உன் ஞாபகம் வந்தது.

உன் விவகாரத்துக்கு ஒரு வக்கீலைப் பிடித்திருக்கிறேன். செங்கம் ரோட்டில் ஆசிரமத்துக்குப் பக்கத்தில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் சுவிஸ்காரர். சன்னியாசி மாதிரி உடுத்தினாலும் முன்பு அகதிகள் விவகாரத்தில் வேலை பார்த்தவராம். நம் ஊரிலேயே தேசங்களின் சட்டம் தெரிந்த ஒரே மனுஷர் அவர்தான். அவர் மௌன விரதம்! ஒரு சிலேட்டு வைத்திருக்கிறார். நான் வாய் மூடாதவன், அவர் வாய் திறக்காதவர், ஆகவே எங்கள் உறவு சுமுகமாகப் போகிறது. அங்கீகாரம் முதல் படி, தூதரகம் திறப்பது அப்புறம், ஆட்களைப் பற்றிய பேச்சு அதற்கும் அப்புறம் என்று எழுதிக் காட்டினார். எவ்வளவு நாளாகும் என்று கேட்டேன். சிலேட்டைத் துடைத்துக் கீழே வைத்துவிட்டார்.

இனி நீ எழுதியதற்கு வருகிறேன். கராச்சியை ஒரு நாள்கூடப் பார்த்ததில்லை, அங்கே போய் யாரோடு பேசுவேன், எல்லாம் அடங்கட்டும், நடந்தாவது நம் ஊருக்கு வந்துவிடுகிறேன் என்று எழுதியிருக்கிறாய். பாஷா, எல்லையில் நிற்கிறவன் கையில் துப்பாக்கி இருக்கும். விழுப்புரம் லைன் பேச்செல்லாம் அவனிடம் எடுபடாது. தயவுசெய்து நடக்காதே.

இப்படிக்கு,
வக்கீல் குமாஸ்தா,
தன்யகுமார்

~

5-5-1974

அன்புள்ள பாஷா,

இந்தக் கடிதத்தில் சிரிப்புக் கம்மி. வெயில் காரணமென்று வைத்துக்கொள்.

டெல்லியில் மூன்று நாட்டு மந்திரிகளும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். அதில் உனக்கென்றே ஒரு வரி இருக்கிறது. தள்ளுபடியானவர்கள் மறுபடி மனுப் போடலாம், பிரிந்த குடும்பத்துக்காரர்களை எடுத்துக்கொள்வோம் என்று பாகிஸ்தான் சொல்லியிருக்கிறது. அன்வரும் அங்கே அலையாய் அலைந்து உன் பெயரைச் சேர்க்கவைத்திருக்கிறான். உன்னைக் கூப்பிட்டு விசாரிப்பார்கள். அதற்குப் பிறகு இன்னொரு வாய்ப்பு கிடையாது என்று சீவகனுக்கு எழுதியிருக்கிறான்.

சுவிஸ்காரரிடம் ஓடினேன். இந்தத் தடவை சிலேட்டு இரண்டு பக்கமும் நிறைந்தது. விசாரணையில் மகன் பெயரைச் சொல்ல வேண்டும், கராச்சி என்று சொல்ல வேண்டும், இந்தியாவில் சொந்தம், சிநேகம், போகிற எண்ணம் எதையும் பேசக் கூடாது. இந்தியத் தபால்தலை ஒட்டிய கடிதம் ஒன்று கையில் அகப்பட்டாலும், இவன் அந்த நாட்டு ஆள், அங்கேயே போகட்டும் என்று ஒதுக்கிவிட இடம் இருக்கிறது. ஒதுக்கினால் நீ இங்கேயும் வரப்போவதில்லை, அந்தக் கொட்டகையிலேயே இருமிக்கொண்டு கிடப்பாய். இதையெல்லாம் எழுதிவிட்டு அந்த மனுஷர் என் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். ஐயா, நீங்கள் பேசியே இருக்கலாம், இவ்வளவு பயமாக இருந்திருக்காது என்றேன்.

கடைக்கு வந்து, தடுப்புப் பலகைக்கு இந்தப் பக்கம் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். பொன்னி போய் என்ன சொன்னாளோ, அண்ணன் வந்து நின்றார். “பாஷாவுக்கு இன்னாடா?” என்று கேட்டார். பலகை வைத்ததற்குப் பிறகு என்னிடம் அவர் பேசிய முதல் பேச்சு அது. நீயும் நானும் அவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள் அல்லவா? சொன்னேன். “அவனக் கிளம்பச் சொல்லு” என்று மட்டும் சொன்னார். போகிறபோது என் கல்லாவுக்குப் பக்கத்தில் கைத்துண்டை மறந்துவிட்டுப் போனார். இன்னும் வந்து எடுக்கவில்லை.

ஜுலேகாபீயிடம் விசாரணை நடத்திப் பழகிப் பார்த்தோம். அவள் அதிகாரி, நான் கௌஸ் பாஷா. “எந்த ஊருக்குப் போகப்போறீங்க?” என்று அதட்டலாகக் கேட்டாள். என் வாயில் திருவண்ணாமலை என்றுதான் வந்தது. மறுபடி கேட்டாள். மறுபடியும் அதே. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, எனக்கும் வந்துவிட்டது. இந்த ஊரிலேயே இருக்கிற எனக்கே அந்தப் பெயரை விழுங்குவது இத்தனை கஷ்டமாக இருக்கிறது. உன்னைத் திட்டியதையெல்லாம் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் நீ பழகு. கொட்டகைக்காரன் எவனையாவது கேட்கச் சொல்லிப் பழகு. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒரே பதில் வர வேண்டும்.

சிரித்து முடித்த பிறகு உன் தங்கை ஒன்று கேட்டாள். “கராச்சி போய்ட்டா அண்ணன் ஒருவாட்டியாவது இங்கே வருமா, நயினாரே?” ஏன் வராது, தூதரகம் திறப்பார்கள், ரயில் விடுவார்கள், தபால் வரும், அண்ணனும் பேத்தியோடு வந்து இறங்குவான் என்று அளந்துவிட்டேன். நான் வழக்கமாக அளப்பதுபோலத்தான். அவள் நம்பினாள் என்று நினைக்கவில்லை. உள்ளே போய் உனக்கு ஒரு சட்டை எடுத்துக்கொண்டு வந்தாள், அனுப்பச் சொல்லி. காலரில் நம் தேரடித் தெரு தையற்கடையின் துணிச்சீட்டு இருந்தது. அதனால் அனுப்பவில்லை. பிரித்து எடுக்கப் பார்த்தோம், துணி கிழிந்தது.

இதைப் படித்ததும் கொளுத்திவிடு. பழைய கடிதங்களையும் கொளுத்து. அவற்றில் இருந்ததெல்லாம் என் உளறல்தான், ஒன்றும் போய்விடாது. பதில் எழுதாதே. நானும் இனி எழுதமாட்டேன். என்னை யாரென்று கேட்டால் தெரியாது என்று சொல். கோபித்துக்கொள்ளமாட்டேன். நீ போய்ச் சேர்ந்ததை அன்வர் சீவகனுக்கு ஒரு வரி எழுதினால் எனக்கு வந்துவிடும். அதுவே போதும்.

பேத்தியைத் தூக்கி மடியில் வைத்துக்கொள். அவள் எந்த ஊர்க்காரி என்று யாராவது கேட்டால் யோசிக்காமல் சொல்கிற மாதிரி வளர்த்துவிடு. உனக்கும் அந்த ஊர் பழகிவிடும். கடல் இருக்கிறதாம், காற்று நன்றாக இருக்குமாம், இருமலுக்கு நல்லது. உன் ஆண்டவனும் என் அருகனும் சேர்ந்து உன்னைக் கொண்டுபோய்ச் சேர்க்கட்டும்.

கேட்கிறவர் முகத்தைப் பார்த்துச் சொல், பாஷா. கராச்சி என்று சொல்.

இப்படிக்கு,
பெயர் போடவில்லை.