வேன் தாத்தாவுக்கு ஒரு நாற்காலி

என் அம்மாடிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நான் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறேன், என்னைப் பற்றிய கவலையை முதலில் ஓரம் கட்டு. நீயும் மாப்பிள்ளையும் நம் வாண்டும், இன்னும் முகம் காட்டாமல் உள்ளே இருந்தபடியே உன்னை எட்டி உதைக்கிற அந்த ஆளும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும், எனக்கு வேண்டியது அவ்வளவுதான். தினமும் போனில் முகம் பார்க்கிற அப்பாவுக்குக் கடிதம் எதற்கு என்று நீ கேட்பாய். போனில் நான் வாயைத் திறப்பதற்குள் நல்லா இருக்கேம்ப்பா என்று சொல்லிவிடுகிறாய், அதற்குமேல் நான் என்னத்தைக் கேட்பது. கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது இல்லையா, அதனால் யாரோ ஒரு பிள்ளை மறந்துவிட்டுப் போன பரீட்சை அட்டையை ஸ்டீயரிங் மேல் சாய்த்து வைத்துக்கொண்டு எழுத உட்கார்ந்துவிட்டேன். கையெழுத்து கோணலாக இருந்தால் திட்டாதே.

வேன் சமாச்சாரம் சொல்கிறேன். இந்த வருஷமும் வேன் நிறையப் பிள்ளைகள், பின்சீட்டில் வழக்கம்போலக் குஸ்தி, சீட்டுக்கு அடியில் வழக்கம்போல ஒற்றைச் செருப்பு. புதிதாகச் சேர்ந்த ஒரு பொடிசு ஏறும்போது அழுகிறது, இறங்கும்போது இறங்க மாட்டேன் என்று அழுகிறது. பிள்ளைகளை ஏற்றி இறக்கிவிடுகிற ஆயா இருக்கிறாளே, எந்நேரமும் பாட்டுப் பாடிக்கொண்டு வருவாளே, அவளுக்கு வாய் மட்டும் கொஞ்சமும் குறையவில்லை. என் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு இதைச் சோறுன்னு சொன்னா சோறு கோச்சுக்கும் என்கிறாள். அவள் கிடக்கிறாள், எனக்கு இப்போது நன்றாகவே சமைக்க வருகிறது, சோறு குழைவதில்லை, பருப்பு அடிப்பிடிப்பதில்லை. அளவுதான் இன்னும் கைக்கு வரவில்லை. எப்படிப் போட்டாலும் இரண்டு பேருக்கு ஆகிவிடுகிறது. உன் அம்மா போய் வருஷம் திரும்பிவிட்டது, என் கைக்கு மட்டும் அது தெரியவில்லை போலிருக்கிறது.

முன்பெல்லாம் காலை டிரிப் முடிந்ததும் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு ஒரு தூக்கம் போட்டு வருவேன், உனக்குத் தெரியும். இப்போது போவதில்லை. பெட்ரோல் மிச்சம் என்று உன்னிடம் சொன்னேனே, அது சும்மா. கதவைத் திறந்தால் காலையில் நான் வைத்துவிட்டுப் போன டம்ளர் வைத்த இடத்திலேயே இருக்கிறது. யாரும் அதை எடுத்துக் கழுவவும் இல்லை, ஏன் இங்கே வைத்தீர்கள் என்று கத்தவும் இல்லை. அதைப் பார்ப்பதற்குப் பதில் பள்ளிக்கூட மதில் ஓரம் வேனிலேயே உட்கார்ந்துவிடலாம். மணி அடிக்கிற சத்தமாவது கேட்கிறது.

போன வாரம் நடந்ததை நீ அன்றைக்கே மறந்திருப்பாய். என்னால் மறக்க முடியவில்லை. எனக்கு மத்தியானம், வேனில் உட்கார்ந்திருக்கிறேன், உனக்கு விளக்குப் போடுகிற நேரம். நீ வழக்கம்போலப் போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்து, வாண்டை மேஜை முன்னால் உட்கார வைத்து, கையில் கலர் பென்சிலைக் கொடுத்துவிட்டு, கொஞ்சம் பாத்துக்கங்கப்பா, துணிய மடிச்சு வெச்சுட்டு வந்துடறேன் என்று போனாய். இப்படி நான் பிள்ளை பார்ப்பது நமக்குள் பழகிப்போன விஷயம்தானே, கடலுக்கு இந்தப் பக்கம் இருந்துகொண்டே பேத்தியைப் பார்த்துக்கொள்கிறேன் என்று ஆயாவிடம் பீற்றிக்கொள்ளாத நாள் கிடையாது. வாண்டு ஒரு வட்டம் போட்டு வேன் என்றாள், இன்னொரு வட்டம் போட்டு அதுவும் வேன் என்றாள். பிறகு தினமும் செய்வதுபோல சுவர் ஓரம் இருந்த சின்ன நாற்காலியைக் கிறீச் கிறீச் என்று இழுத்து வந்து தன் நாற்காலிக்குப் பக்கத்தில் போட்டு, வேன் தாத்தா உக்காரு என்றாள். உக்காந்துட்டேன் சாமி என்றேன். தோல் உரித்த வாழைப்பழத்தை அந்த நாற்காலியின் மேல் எனக்காக வைத்தாள், பிறகு என்ன தோன்றியதோ, குடுகுடுவென்று உள்ளே ஓடிவிட்டாள்.

கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து தொப்பென்று ஒரு சத்தம். அப்புறம் ஒன்றுமே இல்லை. பேச்சு இல்லை, அழுகை இல்லை, காலடிச் சத்தம் இல்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் இரண்டு நாற்காலி, ஒரு வாழைப்பழம், துணி காயப்போடுகிற கம்பியில் தொங்கும் ஒரு குட்டிக் காலுறை, இருட்டிப்போன ஜன்னல். கூப்பிட்டேன், பதில் இல்லை. கத்தினேன், பதில் இல்லை. மாப்பிள்ளைக்குப் போன் அடிக்கலாம் என்றால் அவர் வேலை செய்கிற கிடங்கில் போனை வாசலிலேயே பெட்டியில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அந்த ஊரில் எனக்குத் தெரிந்த நம்பர் இரண்டே இரண்டு, ஒன்று அவருடையது, இன்னொன்று சர்க்கரை டப்பாவில் சாய்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. எதிர் வீடு, பக்கத்து வீடு, அவசரத்துக்கு ஒரு கதவைத் தட்டு என்று சொல்ல ஒரு ஆள், யாருமே இல்லையே அம்மாடி உனக்கு. அதை அதுவரை நான் யோசித்ததே இல்லை.

அப்புறம் வாண்டு வந்தாள், ஒரு தலையணையைக் காதைப் பிடித்து இழுப்பதுபோல இழுத்துக்கொண்டு. அம்மா எங்கேடா கண்ணு என்றேன். அம்மா கீழ தூங்குது, தாத்தா சத்தம் போடாத என்று உதட்டில் விரலை வைத்துக் காட்டிவிட்டு மறுபடி போய்விட்டாள். பிள்ளைக்குத் தெரிந்தது அவ்வளவுதான், தூங்குகிறவளுக்குத் தலையணை. மயங்கி விழுந்தவளுக்கும் அதேதானே செய்திருப்பாள். அதை நினைத்ததும் எனக்கு என்ன வந்ததோ, ஹாரனில் கையை வைத்து அமுக்கியவன் எடுக்கவே இல்லை. வகுப்பு நடக்கிற நேரம், ஜன்னல் எல்லாம் தலை, தலைமை ஆசிரியை வாட்ச்மேனை விரட்டுகிறார், ஆயா சாப்பிட்ட கையோடு ஓடி வருகிறாள், நான் யாரையும் பார்க்கவில்லை. நீ வந்து நிற்கிறவரைக்கும் அமுக்கினேன். தலை கலைந்து, ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, என்னப்பா இது சத்தம் என்று கேட்டாய். மடித்துக்கொண்டே தரையில் சாய்ந்தேன், அப்படியே கண் அசந்துவிட்டது, விழுந்தது துணிக்கூடைதான் என்று சொல்லிச் சிரித்தாய். நானும் சிரித்தேன். உன் கன்னத்தில் தரைவிரிப்பு கோடு கோடாகப் பதிந்திருந்தது.

போனை வைத்த பிறகும் நான் வேனைவிட்டு இறங்கவில்லை. ஆயாதான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். நடந்ததை முழுதும் சொல்லச் சொல்லிக் கேட்டாள். அப்புறம் சொன்னாள், "ஏன் சார், பெத்தவரு நீங்க இங்க உக்காந்து ஹாரன் அடிச்சுக்கிட்டு இருந்தா ஆச்சா? போய்ப் பக்கத்துல நின்னு எழுப்புங்க."

அந்தத் தைரியத்தில்தான் மறுநாள் மெதுவாகக் கேட்டேன், பிரசவத்துக்கு என்னம்மா ஏற்பாடு என்று. நீ மளிகைக் கடைக்குப் போகிற மாதிரி சொன்னாய். வாண்டை விட்டுவிட்டு வர யாரும் இல்லை, அதனால் மாப்பிள்ளை அவளோடு வீட்டில் இருப்பார், வலி வந்ததும் நான் டாக்ஸி பிடித்துப் போய்விடுவேன், முதல் பிரசவமா என்ன, எல்லாம் பழக்கம்தான் என்றாய். முதல் தடவை ஒரு பக்கம் இங்கிருந்து வந்திருந்த உன் அம்மா, ஒரு பக்கம் மாப்பிள்ளை, நடுவில் நீ கத்திய கத்தலை இங்கே போனில் கேட்டுவிட்டு நான் சோறு தண்ணி இல்லாமல் தெருவில் நடந்தேன். இந்தத் தடவை கையைப் பிடிக்க ஒரு ஆள் இல்லாமல் நீ மட்டும் டாக்ஸியில் ஏறிப் போவாயாம். இதை எப்படிம்மா சாதாரணமாகச் சொல்ல முடிந்தது உன்னால்? நான் வரட்டுமா என்று கேட்டேன். நீ கோபமாகச் சொல்லவில்லை, களைப்பாகத்தான் சொன்னாய், "நீங்க வந்து என்னப்பா பண்ணப் போறீங்க? உங்களையும் சேத்து நான்தானே பாக்கணும்."

சுருக்கென்றுதான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் நீ சொன்னதில் தப்பும் இல்லை, உன் அம்மா இருந்தவரைக்கும் சர்க்கரை எந்த டப்பா உப்பு எந்த டப்பா என்று எனக்குத் தெரியாது. இரண்டு நாள் முறைத்துக்கொண்டு திரிந்தேன், ஆயாகூடப் பக்கத்தில் வரவில்லை. அப்புறம் யோசித்துப் பார்த்தேன். சமைக்கத் தெரியாத அப்பாவை வேண்டாம் என்று சொல்கிறவள், அதே அப்பாவை நம்பித் தினமும் பிள்ளையை விட்டுவிட்டுப் போகிறாளே, அது எப்படி? அப்போதுதான் எனக்கு வேறொன்று பிடிபட்டது. முதல் தடவை உன் அம்மா ஊருக்குத் திரும்பி வந்த பிறகு, அங்கே அவள் படுத்திருந்த அறைக்குள் ரொம்ப நாள் நீ போகவே இல்லை என்று மாப்பிள்ளை ஒருமுறை வாய் தவறிச் சொன்னார். இந்தத் தடவையும் அவள்தான் வர வேண்டியவள். அவள் இடத்தில் இன்னொருவரை உட்கார வைக்க உனக்கு மனசு வரவில்லை. நான் நினைப்பது தப்பாக இருந்தால் மன்னித்துவிடு.

வேனில் ஒரு பிள்ளை ஊர் மாறிப் போய்விட்டால் என்ன நடக்கும் தெரியுமா. யாரும் சொல்ல மாட்டார்கள், ஆனால் அந்த சீட்டில் கொஞ்ச நாளைக்கு எந்தப் பிள்ளையும் உட்காராது. எத்தனை நெருக்கடி என்றாலும் பக்கத்தில் ஒடுங்கி உட்காருமே தவிர அதில் உட்காராது. நானும் உட்காரு என்று விரட்டியது கிடையாது. உன் அம்மா சீட்டும் அப்படியே இருக்கட்டும் அம்மாடி, அதில் நான் உட்கார மாட்டேன், எனக்கும் மனசு வராது. பக்கத்தில் ஒடுங்கிக்கொள்கிறேன். எனக்கு உன் தலைக்கு எண்ணெய் வைக்கத் தெரியாது, பச்சைப் பிள்ளையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டத் தெரியாது. ஆனால் அழுகிற பிள்ளையை எப்படி வண்டியில் ஏற்றுவது என்பது எனக்குத் தெரியும். நீ ஆஸ்பத்திரியில் இருக்கிற நாளில் வாண்டு என்னோடு இருப்பாள், மாப்பிள்ளை உன்னோடு இருப்பார். இதற்குமேல் நான் ஒன்றும் பண்ணப் போவதில்லை. இது ஒன்று போதாதா?

இன்னொன்று, வாண்டிடம் நீ பெரியவளாகிவிட்டாய், இனிமேல் சமத்தாக இருக்க வேண்டும் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். தம்பி தங்கை பிறந்த வீட்டுப் பிள்ளைகள் வேனில் திடீரென்று விரல் சூப்பும், டவுசரை நனைக்கும், நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். அதற்கு ஒரு வேலை கொடுத்துவிட வேண்டும், ஹாரன் அடிக்கிற வேலை மாதிரி ஏதாவது, பிள்ளை பெருமையில் அழுகையை மறந்துவிடும். நீ வேளைக்குச் சாப்பிடு, மாப்பிள்ளைக்கு வைத்துவிட்டு மிச்சம் சாப்பிடுகிற உன் அம்மா புத்தி உனக்கு வேண்டாம். துணி மடிப்பது ஒரு நாள் தள்ளிப்போனால் குடி முழுகிவிடாது. தூக்கம் வந்தால் கட்டிலில் போய்ப் படு, தரையில் படுக்காதே.

உன் அம்மாவுக்கு பாஸ்போர்ட் எடுத்தபோது எனக்கும் சேர்த்து எடுத்தது ஒரு முத்திரைகூடப் படாமல் பீரோவில் கிடக்கிறது. முதலாளியிடம் பேசிவிட்டேன், ஆயாவின் மருமகன் அதுவரை வேன் ஓட்டுவான், நிதானமான பையன்தான், ஹாரன் மட்டும் என்னைப்போல அடிக்கத் தெரியாது. மற்றதெல்லாம் நான் பார்த்துக்கொள்வேன், ஆனால் நீ அழைப்புக் கடிதம் அனுப்பினால்தான் எனக்கு விசா தருவார்களாம். ஆக முடிவு உன் கையில். உனக்காகத்தான் வருகிறேன் என்று பெருமை அடித்துக்கொள்ளவில்லை அம்மாடி. எனக்கும் இங்கே தனியாக இருக்கப் பிடிக்கவில்லை. யாரிடமும் சொன்னதில்லை, உன்னிடம் சொல்கிறேன்.

நீ நூறு வயது சுகமாக இருக்க வேண்டும், தாயும் பிள்ளையும் வேறு வேறாகி நல்லபடியாக வீடு வந்து சேர வேண்டும். மாப்பிள்ளைக்கு என் அன்பு. வாண்டுக்கு இரண்டு கன்னத்திலும் முத்தம், உள்ளே இருக்கிற ஆளுக்கு வெளியே வந்ததும்.

கடைசியாக ஒன்று. தினமும் பேசி முடித்ததும், போனை நீ வைப்பதற்கு முன்னால், அந்தச் சின்ன நாற்காலியை மறுபடி சுவர் ஓரம் இழுத்துப் போடுகிற சத்தம் எனக்குக் கேட்கும். வரச் சொல்லி வாய்விட்டுச் சொல்ல உனக்குக் கஷ்டமாக இருந்தால் சொல்ல வேண்டாம். நாளைக்குப் பேசி முடித்ததும் அதை எடுக்காதே. அப்படியே கிடக்கட்டும்.

பக்கத்து சீட்டில் ஒடுங்கிக்கொள்ளத் தயாராக இருக்கும்,
உன் அப்பா