சிட்டு பாஸாகிவிட்டாள்

ஜூன் 12

சிட்டுவின் அப்பாவுக்கு,

நாங்கள் நலம். சுரங்கத்துக்குள் இறங்கி வேலை பார்க்கிறவர் நலமென்று சொன்னால் நம்புவதைத் தவிர எனக்கு வேறு வழி ஏது. போனில் பள்ளிக்கூடப் பேச்சு வந்தாலே நமக்குள் சண்டை மூண்டுவிடுகிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

மதிப்பீடு கேட்டு இன்று மனு கொடுத்துவிட்டேன். டாக்டர் ஆட்டிசம் என்று எழுதிக் கொடுத்தது போதாதாம். பள்ளியே ஆள் வைத்துப் பார்த்துச் சொன்னால்தான் வகுப்பில் சிட்டுவுக்குத் துணை டீச்சர் கிடைக்கும். தலைமையாசிரியை என்னை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, "எதுக்கும்மா அவசரம்? அமைதியான பொண்ணு, ஒரு தொந்தரவும் இல்ல" என்றார். தண்ணீர் வந்தபோதே எனக்குச் சந்தேகம். வகுப்பாசிரியையும் அதையே அட்சரம் பிசகாமல் சொன்னார். முன்கூட்டியே பேசி வைத்திருக்கிறார்கள். நகலில் சீல் போட்டால்தான் எழுந்திருப்பேன் என்று நாற்காலியை விடவில்லை.

அமைதியான பெண்தான். ஒன்றுக்கு வருகிறது என்று சொல்லத் தெரியாமல் அமைதியாக உட்கார்ந்திருந்து, நனைந்த சீருடையோடு வீட்டுக்கு வருகிறாள். அவள் பெஞ்சில் இப்போது வேறு யாரும் உட்காருவதில்லை. அவர்களுக்குத் தொந்தரவு இல்லை, அவ்வளவுதான்.

உங்கள் மனைவி


ஜூன் 24

அன்புள்ள சிட்டு அம்மாவுக்கு,

துளையிடும் மெஷின் பழுதாகிக் கிடப்பதால் எழுத நேரம் கிடைத்தது. நீ சீல் வாங்கிய கதையைப் படித்துச் சிரித்தேன். நீ வேலை பார்க்கும் மருந்துக்கடையில் உன்னிடம் சீட்டு நீட்டுகிறவர்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

தேதி கொடுத்துவிட்டார்கள் என்று நேற்று போனில் சொன்னாயே, எனக்கு அங்கேதான் இடிக்கிறது. மழுப்பியவர்கள் ஏன் திடீரென்று இறங்கி வந்தார்கள்? கையில் ஒரு காகிதம் கிடைத்ததும், எங்கள் பள்ளி இவளுக்கு ஒத்துவராது என்று வெளியே தள்ளத்தான். என் தம்பியை இப்படித்தான் சோதித்துப் பார்த்துக் கடைசி அறைக்கு மாற்றினார்கள். மணி அடிக்கும்வரை உட்கார வைத்ததைத் தவிர அங்கே ஒன்றும் சொல்லித் தரவில்லை. இன்றைக்கும் கைநாட்டுதான் வைக்கிறான். எனக்குப் பயமாக இருக்கிறது.

என்னென்ன கேட்பார்கள் என்று விசாரித்து எழுது. இனிமேல் சாயங்காலம் அவளோடு வீடியோவில் பேசுகிறேன். நீ பக்கத்தில் இருந்தால் உன்னையே பிடித்துக்கொள்கிறாள், கொஞ்சம் விலகியிரு. மகள் என்னோடும் பழகட்டும்.

உன் கணவன்


ஜூலை 5

சிட்டுவின் அப்பாவுக்கு,

விசாரித்தேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டுத் திரும்புகிறாளா என்று பார்ப்பார்களாம். முகத்தைப் பார்த்துப் பேசுகிறாளா என்று கவனிப்பார்களாம். அழுகிற பையன் படத்தைக் காட்டி ஏன் அழுகிறான் என்று கேட்பார்களாம். இதெல்லாம் உங்களுக்கு எதற்கென்று தெரியவில்லை.

நீங்கள் சொன்னபடி கதவைச் சாத்திவிட்டுச் சமையலறையில் நிற்கிறேன். உங்களோடு பேசும்போது அவள் சிரிக்கிற சத்தம் கேட்கிறது. எனக்கு அது போதும். என்ன பேசுகிறீர்கள் என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது, உங்களுக்குத் தெரியும், ஆனால் சொல்வதில்லை. அப்பா மகள் சமாசாரம் என்று விட்டுவிட்டேன்.

உங்கள் மனைவி


ஜூலை 21

சிட்டுவின் அப்பாவுக்கு,

சிட்டு பாஸாகிவிட்டாள். சிறப்பு உதவி எதுவும் தேவையில்லையாம். முகத்தைப் பார்த்துப் பளிச்சென்று பதில் சொன்னாளாம். தலைமையாசிரியையிடம் போய், நீங்கள் பார்த்தது என் பெண்ணையா, ஆள் மாற்றிப் பார்த்தீர்களா, துணை டீச்சர் போடாமல் தப்பிக்க எழுதி வாங்கினீர்களா என்று வாய்க்கு வந்தபடி கேட்டேன்.

வீட்டுக்கு வந்து மேசையில் உட்கார்ந்து அழுதேன். சிட்டு வந்து, என் மூக்கையே பார்த்து, "பொம்மை உடைஞ்சிடுச்சு" என்றாள். அழுகிற பையன் படத்துக்குச் சொல்கிற பதில். பிறகு உங்கள் குரலில், நீங்கள் இழுக்கிற மாதிரியே இழுத்துச் சொன்னாள்: "மூக்கைப் பாரு தங்கம், கண்ணைப் பாக்குற மாதிரியே இருக்கும். சபாஷ்."

ஊரையெல்லாம் சந்தேகப்பட்டேன். அந்தச் சிரிப்பைக் கேட்டு மனம் குளிர்ந்துபோய் நின்றேனே, என்னை என்ன சொல்வது. தலைமையாசிரியையிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். உங்களிடம் கேட்க ஒன்றுமில்லை. இன்றும் நனைந்துதான் வந்தாள்.

சிட்டுவின் அம்மா


ஆகஸ்ட் 2

சிட்டு அம்மாவுக்கு,

நான்தான் சொல்லிக் கொடுத்தேன். பாஸானால் உதவி கிடைக்காது என்பது புத்திக்கு எட்டவில்லை என்று எழுதினால் பொய். எட்டியது. தம்பி உட்கார்ந்திருந்த அறைதான் கண்முன் நின்றது. அவளை அங்கே உட்கார வைக்க மனம் வரவில்லை.

நான் பழக்கிவிட்டதை ஒப்புக்கொண்டு, மறுபடி பார்க்கச் சொல்லிப் பள்ளிக்கு எழுதி, இதோடு தனி உறையில் ஒட்டி வைத்திருக்கிறேன். கொடுத்துவிடு. நீ போனை எடுப்பதில்லை. அவளோடு பேசாமல் இருக்க முடியவில்லை. அடுத்த மாதம் லீவு கேட்டிருக்கிறேன், வரட்டுமா?

உன் கணவன்


ஆகஸ்ட் 30

சிட்டுவின் அப்பாவுக்கு,

பள்ளிக்கு நீங்கள் ஒட்டி அனுப்பிய உறையைப் பிரித்துப் படித்துவிட்டு, வேறு உறையில் போட்டுக் கொடுத்தேன். ஒழுங்காகத்தான் எழுதியிருந்தீர்கள். ஆனாலும் பிரிக்காமல் கொடுக்க என்னால் முடியவில்லை.

மறுபடி பார்த்தார்கள். இந்த முறை சிட்டு மேசைக்கடியில் போய்க் காதைப் பொத்திக்கொண்டாள். மதிப்பீட்டுக்கு வந்த பெண்மணியும் தரையில் உட்கார்ந்துகொண்டாராம். வெளியே இருந்த எனக்கு அழுகைச் சத்தம் மட்டும் கேட்டது. உள்ளே ஓடவில்லை, அழட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதற்காக உங்களை மன்னிக்க எனக்கு நாளாகும்.

துணை டீச்சர் வந்துவிட்டார். மூன்று படம் போட்ட அட்டை ஒன்று கொடுத்திருக்கிறார். வேண்டியதைத் தொட்டுக் காட்டினால் போதும். நேற்று கழிப்பறைப் படத்தைத் தொட்டாளாம். அவளைக் கடைசி அறைக்கு மாற்றவில்லை. மாற்றிவிடுவார்களோ என்று நானும் தினம் ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கிறேன், உங்கள் பயம் எனக்கும் தொற்றிக்கொண்டது.

லீவு கிடைத்தால் வாருங்கள். அவள் உங்களைத் தேடுகிறாள். ஆனால் உங்களோடு அவளைத் தனியாக விடமாட்டேன். எத்தனை நாளைக்கு என்று கேட்காதீர்கள், எனக்கே தெரியவில்லை.

சிட்டுவின் அம்மா