சுவரேறிய பாம்பு

சங்கரன்கோவில், 1981 ஐப்பசி, வெள்ளி இரவு.

சாயங்காலம் அடுக்களைச் சுவரோரம் ஒரு சிறிய பாம்பு கிடந்தது. பழுப்பு உடம்பில் வெள்ளைப் பட்டைகள். அப்பா கம்பை எடுத்துவிட்டார்.

"கட்டுவிரியன்ட்டி. தள்ளு."

போன மாதம் இதே மாதிரி ஒன்றைப் பார்த்து அலறி, அப்பாவை அடிக்க வைத்தவள் நான்தான். அது செத்த பிறகுதான் நூலகப் புத்தகத்தில் பார்த்தேன். விஷமில்லாத ஓநாய்ப் பாம்பு. இன்று குறுக்கே நின்றேன்.

"பொறுங்கப்பா. இதுக்குக் கழுத்துகிட்ட பட்டை அகலமா இருக்கு, வாலுக்குப் போகப் போக மங்குது. கட்டுவிரியனுக்கு வால் பக்கம்தான் தெளிவா இருக்கும்."

"பாம்பு உன் புஸ்தகத்தப் படிச்சிருக்காட்டி?"

அதற்குள் அது சுவரில் ஏறத் தொடங்கியது. கட்டுவிரியன் இப்படிச் செங்குத்தாக ஏறாது. காரை பெயர்ந்த சொரசொரப்பை வயிற்றால் பற்றிப் பற்றி, கையும் காலும் இல்லாமல் உத்தரம் வரை போயிற்று. அங்கே ஒரு பல்லியைக் கவ்வியது. அப்பாவின் கம்பு தானாகத் தாழ்ந்தது.

அம்மாவுக்கு மட்டும் மனம் ஆறவில்லை. இனி வீட்டுக்குள் வரக்கூடாதென்று நாளை தகட்டில் செய்த பாம்பு உருவம் ஒன்று வாங்கிக் கோயில் உண்டியலில் போடப்போகிறாள். நானும் போவேன். எனக்கும் ஒன்று வாங்க வேண்டும், போன மாதத்துப் பாம்புக்காக.