பாஸ்கலின் பங்கு

சேசு மரி சூசை துணை

இராயபுரம்
9-3-1969

அன்பு மகன் கஸ்பாருக்கு அம்மா எழுதிக்கொண்டது. ஆண்டவர் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் சுகம், பிலாயில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன், நம்பிக்கை கொஞ்சம் குறைவுதான், உன் கடிதத்தில் சாப்பாட்டைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே. நைனாவுக்கு முட்டிவலி அப்படியே இருக்கிறது, தைலம் தேய்க்கச் சொன்னால் என்மேல் எரிந்து விழுகிறார்.

நீ எழுதியதை மூன்று தரம் படித்தேன். ஒன்றுமே இல்லாமல் இருந்திருக்கலாமே, ஏன் இந்த உலகம் என்று ஒன்று இருக்கிறது, வலை இழுத்துக்கொண்டிருந்த அண்ணன் அடுத்த அலையில் இல்லாமல் போகலாம் என்றால் இருப்பதற்கும் இல்லாததற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டிருந்தாய். நைனாவுக்கு வாசித்துக் காட்டினேன். "இன்னாமே இது, புள்ள சோறு துன்றானா இல்லியா" என்றார். அவர் கிடக்கிறார். இவ்வளவு பெரிய கேள்வி என் வயிற்றில் பிறந்த பிள்ளைக்கு வந்திருக்கிறதே என்று எனக்குப் பெருமையாக இருந்தது, பயமாகவும் இருந்தது. அண்ணன் போன துக்கத்தைத்தான் நீ புத்தக பாஷையில் கேட்கிறாய் என்று பெற்றவளுக்குத் தெரியாதா.

எனக்குப் பதில் தெரியாதப்பா. இங்கே நடந்ததைச் சொல்கிறேன். பாஸ்கலைக் கடல் கொண்டுபோன ஐப்பசியிலிருந்து நைனா அவனுக்குப் பூசை வைக்க விடவில்லை, உடம்பு கிடைக்காமல் செத்தான் என்று எப்படிச் சொல்வேன் என்று ஒரே பிடிவாதம். தினமும் கரையில் மீனைப் படகுக்கு, வலைக்கு, ஆளுக்கு என்று பிரித்த பிறகு அவனுக்கும் ஒரு பங்கு எடுத்து வைப்பார். கூடப் போகும் ஜெயவேலும் அய்யாத்துரையும் தங்கமான பிள்ளைகள், ஒரு வார்த்தை சொன்னதில்லை. பூசை வைத்துவிட்டால் பங்கு நின்றுவிடும், அதுதான் நம் ஆட்கள் வழக்கம். பங்கு இருக்கிறவரை அவனும் இருக்கிறான் என்று நைனா நினைத்துக்கொண்டார், நானும்தான் அந்த மீனைக் கழுவும்போதெல்லாம் வாசலைப் பார்த்தேன். உன் அண்ணி பிளோரன்ஸ் மட்டும் அதைத் தொடமாட்டாள். பாவம், புருஷன் எங்கே என்று கேட்கிறவர்களுக்கு அவள் தன்னை என்னவென்று சொல்லுவாள், பொண்டாட்டி என்றா, விதவை என்றா.

திருவொற்றியூர் தீப்பெட்டிக் கம்பெனியில் அவளுக்கு வேலை கிடைத்திருக்கிறது. முதல் நாள் காலையில் வேலைக்குப் போகிற வழியில் நேராகக் கரைக்குப் போய், அத்தனை ஆம்பிளைகள் நடுவில் நின்று, "மாமா, இனிமே இந்தப் பங்கு வாணாம், அவரு இல்ல" என்றாளாம். "என் புள்ளய இல்லன்னு சொல்ல நீ யாரு" என்று நைனா கத்தினாராம். அவள் அசையவில்லை. "இப்ப இல்லன்றது நெஜம் மாமா. ஆனா இருந்தாருல்ல? அத்த எந்தக் கடலு வந்து இஸ்துகினு போவும்?" என்றாளாம். மீன் எடுக்க வந்த மஜீது, அதுதான் பாஸ்கலுடைய தோஸ்து, கூடையைப் போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதானாம், வந்து சொன்னதும் அவன்தான். என்ன பெண் கஸ்பார் அவள்! சாயங்காலம் வேலை விட்டு வந்தவள் கையெல்லாம் தீக்குச்சி மருந்து வாடையோடு என் மடியில் படுத்துக்கொண்டு அப்போதுதான் அழுதாள், நானும் அழுதேன். நைனா சோறு தின்றுவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு கோயில் சாமியாரைப் பார்க்கப் போனார். அந்த வீம்பு பிடித்த மனுஷனையும் மெச்சத்தான் வேண்டும், ஒருத்தர் சொல்லி அவர் கேட்டு நான் பார்த்ததே இல்லை.

வருகிற இருபத்திரண்டாம் தேதி காலையில் பூசை. உடம்பு இல்லாததால் காலிப் பெட்டிதான் வைப்பார்கள், அவன் கலியாணச் சட்டையைப் பிளோரன்ஸ் அதில் வைக்கிறாள். பிறகு காசிமேட்டுக் கல்லறைக்குத் தூக்கிப் போக வேண்டும். காலிப் பெட்டிதானே, இரண்டு பேர் போதாதா என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன். "நாலு பேருதான் தூக்கணும், அது என் புள்ள பெட்டி" என்றார் நைனா. ஜெயவேல், அய்யாத்துரை, மஜீது மூவரிடமும் சொல்லியாகிவிட்டது. நாலாவது ஆளாக வேறு யாரையும் அவர் கூப்பிடவில்லை.

லீவு கேட்டுக்கொண்டு வா. பரலோக மாதா உன்னை வழி நெடுகக் காப்பாற்றட்டும், நைனாவும் அண்ணியும் உனக்கு ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார்கள். ஒன்று ஞாபகம் வைத்துக்கொள், நீ மற்ற மூன்று பேரையும்விட உயரம், தோளைக் கொஞ்சம் தாழ்த்திக் கொடுக்க வேண்டும், பெட்டி சாயக்கூடாது.

இப்படிக்கு
உன்னைப் பெற்ற அம்மா
சிலுவையம்மாள்