மிர்கால் இல்லாத பட்டியல்

3-1-94, திங்கள்

பனி. எட்டரை வரை எதிர்வீட்டு கேட் தெரியவில்லை. கேஸ் புக் செய்ய மறந்தாயிற்று, இன்றும்.

எங்கள் மீன்துறைத் துணை இயக்குநர் கூப்பிட்டார். இனி து.இ. அவர் பெயரை என் நோட்டில் எழுதப் பிடிக்கவில்லை. புண்நோய் பட்டியல் இந்த மாதமே போக வேண்டுமாம். எந்தெந்த மீனுக்கு அந்த நோய் பிடிக்கும் என்று மாவட்டம் எழுதித் தர வேண்டும். பட்டியலில் வந்த மீனை, சான்று இல்லாமல், உயிரோடு ஊர் விட்டு ஊர் கொண்டுபோகக் கூடாது. வராத மீன் எங்கும் போகலாம். ஆய்வகக் கையெழுத்து என்னுடையது. பதினோரு வருடமாக இந்த மைக்ராஸ்கோப், இந்த நாற்காலி.

து.இ. ஏற்கெனவே எழுதி வைத்திருந்தார்:

விரால்
குறவை
கெளுத்தி
பொடிக்கெண்டை

நாலும் சரி. நாலுக்கும் புண் வரும், நானே பார்த்திருக்கிறேன். நாலும் ஆற்றிலும் குட்டையிலும் ஏழைகள் பிடிக்கும் மீன். பண்ணையில் வளர்க்கும் மீன் ஒன்றுகூட இல்லை. "பண்ணை மீன் ஏன் சார் இல்லை?" என்றேன்.

"இல்லாததை எப்படி எழுதறதும்மா" என்றார். தலை நிமிரவில்லை.

வாங்க வேண்டியது: மகள் உமாவுக்குக் கன்னட நோட்டு இரண்டு. பெருங்காயம்.

4-1, செவ்வாய்

ஹனூர் பக்கத்து ஏரியிலிருந்து போன வாரம் வந்த மிர்கால், அதாவது பண்ணைக் கெண்டைக் குஞ்சுகள், ஃபார்மலின் பாட்டிலில். ஏழு. ஐந்தில் வயிற்றோரம் சிவந்த புண். வந்த அன்று பச்சையாக நசுக்கிப் பார்த்ததில் தசைக்குள் பூஞ்சை இழை ஓடியிருந்தது, குறுக்குச் சுவர் இல்லாமல். விராலில் பார்க்கும் அதே இழை. ஸ்லைடை இன்று மறுபடி பார்த்தேன். சந்தேகம் இல்லை.

அந்த ஏரிக்குக் குஞ்சு விட்டது ஸ்ரீரங்கப்பட்டணம் ரோட்டுப் பண்ணைக்காரர். அடுத்த மாதம் அணைகளுக்கெல்லாம் குஞ்சு விடப்போவதும் அவரேதான். து.இ. அறையில் அவர் கொடுத்த காலண்டர்தான் தொங்குகிறது.

போய்ச் சொன்னேன். து.இ. டீயை ஊதிக்கொண்டே கேட்டார்.

"ஒரு ஏரி, ஏழு மீன். இதை வச்சு மிர்கால்னு எழுதினா மாவட்டத்துல ஒரு லாரி நகராது. பேடா சரோஜா, வேண்டாம். அடிபட்ட புண்ணா இருக்கும்."

"அடிபட்ட புண்ணில் இழை வராது சார்."

"விரால்காரங்க யாரும் வந்து கேக்க மாட்டாங்க. அவர் கேப்பார். புரியுதா?"

புரிந்தது. இவ்வளவு வெளிப்படையாகச் சொன்னதுதான் எரிகிறது. என்னை மறைத்துப் பேசும் அளவுக்குக்கூட மதிக்கவில்லை.

6-1, வியாழன்

வெயில் வந்தது. மண்டி மொஹல்லா மார்க்கெட் போனேன், மாதிரிக்கு விரால் வாங்க.

விரால் என்றால் பாவாயிதான். கோபிநத்தத்துக்காரி, ஐம்பது வயதிருக்கும். புருஷனும் மச்சினனும் பரிசலில் போய்ப் பிடிப்பது. இவள் தகர டின்னில் தண்ணீர் விட்டு, உயிரோடு, இரண்டு பஸ் மாறி வியாழனும் ஞாயிறும் வருவாள். காட்டுப் பக்கத்து போலீஸ் செக்போஸ்ட்டில் ஒவ்வொரு டின்னிலும் கையை விட்டுத் துழாவுகிறார்களாம். "மீனுக்குள்ள துப்பாக்கியாங்க இருக்கும்" என்று சிரித்தாள்.

சொல்லாமல் வந்திருக்கலாம். சொன்னேன். இந்த மாதத்திலிருந்து உயிர் விராலுக்குச் சான்று வேண்டும், செத்த மீன் என்றால் தடை இல்லை.

சிரிப்பு நின்றது. "செத்த விரால எவன் வாங்குவான் அம்மணி? துள்ளுனாத்தான் விரால். சான்று எங்க குடுப்பாங்க?"

"இங்கேதான், எங்கள் ஆபீஸில்."

"அப்ப மீனத் தூக்கிட்டு இங்க வந்து சான்று வாங்கிட்டு, திரும்பி ஊருக்குப் போயி, மறுக்கா இங்க வரோணுங்களா?"

விதியை எழுதியவன் ஒரு நாளும் டின் தூக்கியவன் இல்லை. அதைச் செயல்படுத்தச் சம்பளம் வாங்கும் நானும் இல்லை.

வாங்கிய இரண்டு விராலில் ஒன்றுக்குச் செதிலடியில் புண் தொடக்கம்.

10-1, திங்கள்

பாட்டில் இல்லை.

அலமாரி, தொட்டியடி, குப்பைக்கூடை எல்லாம் பார்த்தேன். ஸ்லைடு பெட்டியில் ஹனூர் வரிசை மட்டும் காலி. பதிவேட்டில் என் கையெழுத்தில் வரவு இருக்கிறது, பொருள் இல்லை.

து.இ.யிடம் கேட்டேன். "எந்த பாட்டில்?" என்றார். பக்கத்தில் பண்ணைக்காரர், கால்மேல் கால். என்னைப் பார்த்து, "மேடம்க்கு கண்ணாடி பவர் மாத்தணும் போல" என்று கன்னடத்தில் சொன்னார். து.இ. சிரித்தார்.

வியாழன் பெங்களூரிலிருந்து பெரிய அதிகாரி வருகிறார். அன்றைக்கே பட்டியல் இறுதி.

வீட்டில் ரசம் பொங்கி வழிந்தது. உமாவைக் காரணமில்லாமல் திட்டினேன். "ஏனாயித்து அம்மா?" என்று கேட்டாள். தமிழில் கேள் என்று அதற்கும் ஒரு திட்டு.

11-1, செவ்வாய்

பத்து மணிக்கு பாவாயி ஆபீஸ் வாசலில். அவள் வரும் நாளே இல்லை. டின் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மார்க்கெட்டில் எங்கள் ஆபீஸ் ஆட்கள் வந்து டின்னைக் கவிழ்த்திருக்கிறார்கள். பட்டியல் இன்னும் டைப்கூட ஆகவில்லை. து.இ. வாயாலேயே உத்தரவு போட்டாயிற்று.

"ரோட்டுல கெடந்து துள்ளுச்சு. நாய் தூக்கிட்டுப் போச்சு. எழுதுனவ நீதானா?"

இன்று 'ங்க' இல்லை, அம்மணி இல்லை.

"இன்னும் எழுதவில்லை. விராலுக்கு நோய் வருவது உண்மை. மிர்காலுக்கும் வருகிறது. அதைத்தான் எழுத விடமாட்டேன் என்கிறார்கள்." என்னை நல்லவளாகக் காட்டிக்கொள்ளும் அவசரம். பாட்டில் போன கதையையும், வியாழக்கிழமைக் கூட்டத்தையும் சொன்னேன்.

கேட்டுக்கொண்டே இருந்தாள். "எந்த ஏரி?"

சொன்னேன். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு போய்விட்டாள். சொல்லிக்கொள்ளவில்லை.

13-1, வியாழன், போகி

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

பதினொன்றுக்குக் கூட்டம். பெங்களூர் அதிகாரி கிழவர், ஜலதோஷம், கழுத்தில் மப்ளர். து.இ. நாலு பெயரையும் வாசித்தார். நான் எழுந்து மிர்கால் என்றேன். மாதிரி எங்கே என்று கேட்டார் அதிகாரி. காணோம் என்றேன். எனக்கே அசிங்கமாக இருந்தது.

"பாருங்க சார், இதுதான் இவங்க பிரச்சனை" என்றார் து.இ.

அப்போது வெளியே பியூனோடு சத்தம். கதவைத் தள்ளிக்கொண்டு பாவாயி. கையில் உரச்சாக்கு, உள்ளே தண்ணீர் விட்ட பாலிதீன் பை, சொட்டச் சொட்ட. நேரே மேஜைக்கு வந்து பட்டியல் காகிதத்தின் மேலேயே கொட்டினாள். மிர்கால். பத்துப் பன்னிரண்டு, சில இன்னும் வாயைத் திறந்து மூடிக்கொண்டு. வயிறெல்லாம் புண். ஒன்றுக்கு வாலடியில் எலும்பு தெரிந்தது.

"அந்த ஏரிதான். விடியக்காத்தால வலை போட்டது. ஏரிக் காவக்காரன் எங்கண்ணன் மவந்தான், வேணும்னா அவனக் கேளுங்க. இதையும் எழுதுங்க."

து.இ. நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தார். "நோய் மீனை பஸ்ஸுல இங்க வரைக்கும் கொண்டாந்திருக்கா. இவ மேல முதல்ல கேஸ் போடணும்."

பாவாயி அவரைப் பார்த்தாள். "எதுக்குங்க கேசு? உங்க பட்டியல்லதான் இந்த மீனே இல்லீங்களே."

பெரிய அதிகாரி மூக்கைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "போய் பார்க்கலாம்மா."

ஒரு மீனை நறுக்கி, தசை எடுத்து, நசுக்கி வைத்தேன். நெடுநேரம் குனிந்திருந்தார். இன்னொன்று கேட்டார். மூன்றாவதும். நிமிர்ந்து, யாரிடமும் எதுவும் கேட்காமல், ஈரமான அந்தக் காகிதத்திலேயே ஐந்தாவதாக மிர்கால் என்று எழுதிச் சுருக்கொப்பம் போட்டார். எனக்குச் சந்தோஷம் வர வேண்டும். து.இ. முகத்தைப் பார்த்தபோது வந்தது. அதற்காகத்தான் வந்தது.

வெளியே வந்தால் பாவாயி இல்லை.

15-1, சனி

நேற்றுப் பொங்கல், எழுதவில்லை. கரும்பு சப்பென்று இருந்தது.

18-1, செவ்வாய்

சுற்றறிக்கை வந்துவிட்டது. ஐந்து பெயர். பண்ணைக்காரரின் இரண்டு லாரியை நஞ்சன்கூட்டில் நிறுத்தியிருக்கிறார்களாம்.

அதே தபாலில் எனக்கு மாறுதல். கார்வார். ஒரு வாரத்தில் சேர வேண்டும். து.இ. கையில் கொடுத்துவிட்டு, "கடல் மீனும் பாக்கலாமில்ல" என்றார். உங்கள் காலண்டரை மாற்றுங்கள், போன மாதத்துத் தாளே கிழிக்காமல் தொங்குகிறது என்றேன். இதைவிடக் கூர்மையாக எதுவும் வாயில் வராமல் போனதற்கு வழியெல்லாம் என்னையே திட்டிக்கொண்டு வந்தேன்.

உமாவின் பள்ளிக்கூடத்துக்கு என்ன செய்வது. வீட்டுக்காரர் பேப்பரை மடித்து மடித்து வைத்தார்.

20-1, வியாழன்

மண்டி மொஹல்லா. பாவாயி உட்கார்ந்திருந்தாள். டின் இல்லை. பலகை, அரிவாள், ஐஸ் போட்ட செத்த விரால். வாங்குவோர் இல்லை.

மிர்கால் வந்துவிட்டது, பண்ணை லாரி நின்றது என்று சொன்னேன்.

"விரால எடுத்துட்டாங்களா?"

"இல்லை."

"நீ எடுக்கச் சொன்னியா?"

"சொல்லவில்லை. விராலுக்கு நோய் வருவது நிஜம். பொய் எழுத முடியாது."

"அன்னைக்கு ஏரி பேரக் கேட்டப்பவும் இது தெரியுமில்ல?"

"தெரியும்."

அரிவாளைப் பலகையில் வைத்தாள். "அப்ப உன்ற சண்டைக்கு என்னைய வலை போட உட்டிருக்கே."

மாறுதலைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். பின்னால் யாரோ ஒருவர் பையோடு மீனை எட்டிப் பார்த்தார்.

"தள்ளி நில்லு," என்றாள். "யாவாரம் கெடுது."