யாரோ ஒருவருடைய வயல்

எருத்தேன்பதி
அக்டோபர் 6

அன்புள்ள பெரியம்மாளுக்கு,

அப்புசாமி எழுதுவது. நானும் மாடுகளும் உன் சங்கத்துப் பிள்ளைகள் முப்பத்தொரு பேரும் சுகம். மெல்போர்னில் நம் மகள் மௌனிகாவும் பேத்தியும் சுகமாகத்தான் இருப்பார்கள். நீ பக்கத்தில் இருக்கும்போது அவர்களுக்கு வேறு வழியில்லை. கம்பளிச் சட்டையை வெட்கப்படாமல் போட்டுக்கொள்.

தினமும் போனில் பேசுகிறவனுக்குக் கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நான் தொடங்குகிற வாக்கியத்தை எல்லாம் நீயே முடித்துவிடுகிறாய். இதை நானே முடிக்க வேண்டும்.

சங்கத்தின் பதினைந்தாம் ஆண்டு மலருக்கு நீ எழுதி அனுப்பிய வரலாற்றைப் படித்தேன். மாதக் கடைசியில் நம் பக்கத்துச் சித்தூர் அச்சகத்தில் கொடுக்க வேண்டும். எல்லாம் நன்றாக இருக்கிறது. ஒரு வரியை மாற்ற மட்டும் உன் சம்மதம் வேண்டும். நடவுக்கு வந்த வங்காளப் பெண் ஒருத்தியின் குழந்தை யாரோ ஒருவருடைய வயலருகே வாய்க்காலில் விழுந்தது, அன்றுதான் சங்கம் பிறந்தது என்று எழுதியிருக்கிறாய். அது நம் வயல். நம் வயல் என்றே போட வேண்டும்.

பள்ளிக்கூடக் கட்டடத்தைப் பற்றி மட்டும் இரண்டே வரியில் ஓடிவிட்டாய், அது நியாயமில்லை. உன் தவறு ஒன்றாவது ஊருக்குத் தெரியட்டும். வெளியூரிலிருந்து நடவுக்கு வருகிறவர்களின் பிள்ளைகளுக்கென்று டைல்ஸ் போட்டு, சுவரில் யானை வரைந்து, பஞ்சாயத்துத் தலைவரைக் கூப்பிட்டு ரிப்பன் வெட்டினாயே, அன்றைக்கு எத்தனை பிள்ளைகள் வந்தார்கள்? ஒருவரும் இல்லை. எந்த வாய்க்காலில் தண்ணீர் திரும்புகிறதோ அங்கேதான் நடவு, அங்கேதான் ஆட்கள், அவர்களோடுதான் பிள்ளைகள். இத்தனை வருஷம் விவசாயி வீட்டில் இருந்தும் அதை மறந்துவிட்டாய். தண்ணீர் பத்து கிலோமீட்டர் தள்ளிப் போயிருந்தது. கிளறி வைத்த கேசரியை நானும் தலைவரும் தின்று தீர்த்தோம். மறுநாளே என் தேங்காய் வண்டியைப் பிடுங்கிக்கொண்டாய். அன்று முதல் பள்ளிக்கூடம் தண்ணீருக்குப் பின்னால் போகிறது.

இப்போது அந்த வண்டிக்கு டிரைவர் நான். நேற்று தண்ணீர் வடக்கு வாய்க்காலுக்கு மாறியதும் தார்ப்பாய், கரும்பலகை, கஞ்சிப் பானை, தொட்டில் சேலைகள் எல்லாம் ஏற்றிக்கொண்டுபோய் ஒரு புளியமரத்தடியில் இறக்கினேன். ஆர்த்தி டீச்சர் பாட்டுச் சொல்லித் தருகிறாள். நான் தாளம் தப்பாகப் போடுகிறேனாம். பிள்ளைகள் என்னை "தாது" என்கிறார்கள், வங்காளத்தில் தாத்தாவாம். முதலில் உறுமிப் பார்த்தேன். இப்போது ஒருநாள் கூப்பிடாவிட்டால் எனக்கு ஏமாற்றமாக இருக்கிறது.

துலிக்குச் சித்தூர் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது. நீ வாய்க்காலிலிருந்து தூக்கிய மூன்று வயதுக் குழந்தை இன்று பஸ் பாஸ் வைத்திருக்கிறது. ஆண்டு விழா மேடையில் வரலாற்றை வாசிக்கப் போகிறவள் அவள்தான். போன ஞாயிறு வந்து, "ஏனுங்க தாத்தா, அது யாரு வயலுங்க? எங்க அம்மாவைக் கேட்டா ஞாபகமில்லைங்குது" என்று நம் ஊர்ப் பேச்சிலேயே கேட்டாள். எனக்கும் ஞாபகமில்லை கண்ணு என்றேன். அதை நம்பி, மோர் குடித்துவிட்டுப் போனாள்.

நீ எனக்காகத்தான் அப்படி எழுதினாய் என்பது தெரியும். உனக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது. அன்று குழந்தை வரப்பில், தாயின் கண்ணெதிரேதான் உட்கார்ந்திருந்தது. புது வரப்பை மிதித்து உடைக்கிறது என்று அவளை அதட்டி, குழந்தையை வாய்க்கால் மேட்டில் கொண்டுபோய் விடச் சொன்னவன் நான். நீ தேநீர்த் தூக்கோடு வந்து, பார்த்ததும் குதித்தாய். நான் கரையில் நின்றேன். துலியின் அம்மாவுக்கு எல்லாம் தெரியும். மகளிடம்கூட அவள் வாய் திறக்கவில்லை. ரேஷன் கடையில் பார்த்தால் இன்றும் எனக்கு வரிசையில் இடம் விடுகிறாள், எனக்கு வெட்கமாக இருக்கிறது. உன் சங்கத்தை நான் அத்தனை வருஷம் கேலி செய்ததும் இது வெளியே தெரிந்துவிடுமோ என்ற பயத்தில்தான்.

ஆகவே, வயல் அப்புசாமியுடையது, குழந்தையை அங்கே விடச் சொன்னதும் அவரே என்று அச்சாகட்டும். அதற்கு முன் துலியிடம் நானே நேரில் சொல்லிவிடுவேன். அதன்பின் அவள் என்னைத் தாத்தா என்று கூப்பிடுவதும் கூப்பிடாததும் அவள் விருப்பம்.

இன்னும் ஒரு வருஷம் இருக்கச் சொல்லி மௌனிகா கேட்கிறாள் என்றாய். தாராளமாக இரு. இங்கே வண்டியை நான் ஓட்டிக்கொள்கிறேன். இதைப் படித்த பிறகும் வரவேண்டும் என்று உனக்குத் தோன்றினால் மட்டும் ஒரு வரி எழுது, கோயம்புத்தூர் விமான நிலையத்துக்கு நான் முதல் ஆளாக வந்து நிற்பேன்.

பேத்திக்கு என் ஆசீர்வாதம். அவள் தவழ ஆரம்பித்துவிட்டாள் என்றாயே. எந்த வேலை கெட்டாலும் கெடட்டும், அவளைக் கண்ணெதிரே வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு
அப்புசாமி